ஊர்க்கோடியில் ஓர் ஓட்டுக் கோயில்: சிற்றூர் மெதடிஸ்ட் சபைகளும் அவற்றின் கட்டடங்களும்

வட சென்னையின் பழைய தேவாலயங்கள் என்றதும் பெரிய கட்டடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ராயபுரத்தில் படகுத் தொழில் செய்த சமூகத்தார் எழுப்பிய புனித பேதுரு ஆலயத்தைப் பற்றியும், அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனிய வணிகர்கள் கட்டிய ஆலயத்தைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தேடி வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நகரம் வடக்கிலும் மேற்கிலும் விரிந்தபோது அதற்குள் வந்து சேர்ந்த சிற்றூர்க் கோயில்களுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. ஒரே கூடம், ஓட்டுக் கூரை, முகப்புச் சுவரின் உச்சியில் ஒரு சிலுவை, வாசலில் ஒரு வேப்பமரம். செங்குன்றம், சோழவரம் பக்கமும், ஆவடியைத் தாண்டித் திருவள்ளூர் போகும் வழியிலும் உள்ள பழைய கிராமங்களில், ஊர்த்தெருவை விட்டு விலகி, காலனியை ஒட்டி இப்படிப்பட்ட கோயில்களைக் காணலாம்.

இவற்றில் ஒரு பகுதி வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் வழியில் உருவான சபைகளுடையவை. பணமில்லாததால் சிறியதாகக் கட்டினார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். சிறியதாகவும் எளிமையாகவும் கட்டவேண்டும் என்பது மெதடிஸ்டுகள் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. இந்தக் கோயில்கள் ஊர்க்கோடியில் நிற்பதற்கோ வேறொரு காரணம் உண்டு. அது செங்கல்பட்டு மாவட்டத்தின் நில வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒற்றைக் கூடத்தின் அருமை புரியும்.

முதலில் இங்கிலாந்துக் கதை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டல் நகருக்கு வெளியே, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகளின் முதல் கட்டடம் எழுந்தது. கடைசிவரை இங்கிலாந்து திருச்சபையின் குருவாகவே இருந்தவர் வெஸ்லி. ஆகவே தம் ஆட்கள் கட்டியவற்றை அவர் தேவாலயம் என்று கருதவில்லை. பிரசங்கம் கேட்கவும் ஒன்றுகூடவும் ஒரு வீடு, அவ்வளவே. அந்த வீட்டை எப்படிக் கட்டவேண்டும் என்று அவர் வகுத்த விதிகள் மெதடிஸ்ட் பிரசங்கியார்கள் கூடும் மாநாட்டின் குறிப்புகளில் இருக்கின்றன. கட்டடம் எளிமையாகவும் கண்ணியமாகவும் இருக்கவேண்டும். தவிர்க்கவே முடியாத செலவுக்குமேல் ஒரு காசும் கூடாது. அதற்கு அவர் சொன்ன காரணம் கூர்மையானது. பெருஞ்செலவில் கட்டினால் பணக்காரர்களின் தயவு தேவைப்படும். தயவு தேவைப்பட்டால் அவர்களைச் சார்ந்திருக்க நேரும். சார்ந்திருந்தால் அவர்களே நம்மை ஆளுவார்கள். பிறகு மெதடிஸ்டுகளின் ஒழுங்குக்கு விடைகொடுத்துவிட வேண்டியதுதான்.

பெஞ்சுகளுக்குச் சாய்மானம் வேண்டாம், பணம் கட்டி ஒதுக்கிக்கொள்ளும் தனி இருக்கைகள் வேண்டாம், நடுவில் ஒரு தடுப்பு வைத்து ஆண்களும் பெண்களும் தனித்தனியே உட்காரட்டும், போதிய சன்னல்களும் கதவுகளும் இருக்கட்டும் என்றும் எழுதி வைத்தார். இடம் இருந்தால் எண்கோண வடிவில் கட்டுங்கள் என்பது இன்னொரு யோசனை. குரல் எல்லா மூலைக்கும் எட்டும் என்பது அதன் வசதி. யார்க்‌ஷயர் மலைக்கிராமமான ஹெப்டன்ஸ்டாலில் 1764இல் கட்டிய எண்கோணக் கோயில் இன்றும் நிற்கிறது. ஆனால் பெரும்பாலான கிராமங்களில் கட்டப்பட்டவை செவ்வகமான ஒற்றை அறைகள்தான். நெசவாளர்களும் பண்ணைக் கூலிகளும் வாரம் ஒரு பென்னியாகச் சேர்த்த காசில் கட்டியவை. கட்டடம் யாருடைய சொந்தமாகவும் ஆகிவிடக்கூடாது என்பதற்காக, அதை அறங்காவலர்கள் பெயரில் எழுதிவைக்க 1763இல் ஒரு மாதிரிப் பத்திரமே தயாரித்தார் வெஸ்லி. சொத்து உள்ளூர்க்காரர்களின் பொறுப்பில் இருக்கும்; பிரசங்கியாரை மாநாடு அனுப்பும். பின்னாளில் சென்னை மாகாணத்துச் சபைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த மனப்பான்மைதான்.

அது இங்கே வந்த வழி இலங்கை வழி. வெஸ்லியோடு நெருங்கிப் பணியாற்றிய தாமஸ் கோக் என்பவர் ஆறு மிஷனரிகளோடு இலங்கைக்குக் கப்பலேறி, 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்துபோனார். கூட வந்தவர்கள் கரை சேர்ந்து யாழ்ப்பாணத்திலும் தென்னிலங்கையிலும் வேலை தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச், சென்னையில் ஏற்கெனவே கூடிவந்த ஒரு சிறு குழுவின் அழைப்பை ஏற்று 1817இல் இங்கு வந்தார். ராயப்பேட்டையில் 1819இல் முதல் வெஸ்லியன் கோயில் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கறுப்பர் நகரத்தின் பிராட்வேயிலும், அதாவது இன்றைய பிரகாசம் சாலையில், இன்னொன்று எழுந்தது. அந்தக் காலத்து மெதடிஸ்டுகளில் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசியவர்கள்: சிப்பாய்கள், கம்பெனி எழுத்தர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். தமிழ்ச் சபைகள் மெல்லத்தான் வளர்ந்தன. மிஷனின் கவனமெல்லாம் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் இருந்தது.

கிராமத்தின் பக்கம் காற்று திரும்பியது 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்துக்குப் பிறகு. பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் நிலமில்லாத படியாட்கள், அதாவது ஆண்டையிடம் கட்டுண்ட பண்ணையாட்கள். பிழைத்தவர்களில் பலர், ஆண்டையின் தயவைத் தவிர வேறொரு துணை வேண்டும் என்று தேடத் தொடங்கினார்கள். ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து வந்த வில்லியம் கவுடி என்ற வெஸ்லியன் மிஷனரி 1880களில் திருவள்ளூரிலும், அதை அடுத்த ஈக்காட்டிலும் பணி செய்ய வந்தது இந்தக் கட்டத்தில்தான். திருவள்ளூரில் அவர் பெயரில் இன்றும் ஒரு மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. ஈக்காடு மிஷன் வளாகத்தில் பள்ளி, விடுதி, மருத்துவமனை எல்லாம் வந்தன. அங்கிருந்து சுற்றுவட்டாரச் சேரிகளுக்கு, சபையை நடத்தும் ஊழியர்களான உபதேசியார்கள் போனார்கள்.

மிஷனரிகள் போய் மக்களை மாற்றினார்கள் என்று ஒரே வரியில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பல இடங்களில் நடந்தது நேர்மாறு. சேரி மக்கள் தாங்களே மிஷன் பங்களாவைத் தேடிப் போய், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாரை அனுப்புங்கள், எங்களுக்காகச் சர்க்கார் கச்சேரியில் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். காரணம், மிராசு.

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதியும், சென்னை மாநகராட்சியின் வடக்கு எல்லைப் பகுதிகளும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அங்கே மிராசுதார்கள் எனப்பட்ட பரம்பரை நில உரிமையாளர்கள் ஊரின் நிலம் முழுவதன்மீதும் பாத்தியதை கொண்டாடினார்கள். பயிரிடாத தரிசு நிலத்துக்கு வேறொருவர் தர்க்காஸ்து, அதாவது நிலம் கேட்டு அரசிடம் மனு, போட்டால்கூட, முதல் வாய்ப்பு மிராசுதாருக்கே போகும். சேரி இருந்த நத்தமும் தங்களுடையதே என்று அவர்கள் வாதிட்டார்கள். ஒரு படியாள் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, ஞானஸ்நானம் வாங்கினாலோ, குடியிருந்த குடிசையைக் காலிசெய் என்று சொல்லிவிட முடியும். வீட்டுமனையே சொந்தமில்லாதவர்கள் கோயிலுக்கு எங்கே போய் இடம் தேடுவார்கள்?

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இந்த நிலைமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கவுடியும், செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் இதே கேள்வியை விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தவர்கள். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி பிறந்த அரசாணையிலிருந்துதான், பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட தலித் மக்களுக்கான, பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லும் ஒதுக்கீடு வருகிறது. பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே கைமாறலாம் என்பது அதன் நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு யார் யார் கைக்கோ போய்விட்டது. அது தனியாக எழுதவேண்டிய வேதனை. நம் கதைக்குத் தேவையானது இதுதான்: மிராசுதாரின் பிடிக்கு வெளியே ஒரு துண்டு நிலம் எங்கே கிடைத்ததோ அங்கேதான் கோயில் எழுந்தது. ஏரிக்கரைச் சரிவு, சாலையோரப் புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை, மிஷன் விலை கொடுத்து வாங்கிய கொல்லை. ஊர்க்கோடியில் நிற்கும் கோயிலின் கிரயப் பத்திரம் பல சமயம் அந்தச் சேரி மக்கள் சட்டப்படி கால் ஊன்றிய முதல் இடத்தின் பத்திரமாகவும் இருக்கும்.

கட்டடத்துக்கு வருவோம். முதலில் எழுந்தது பெரும்பாலும் மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்ட ஒரு கொட்டகை. வார நாட்களில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில், இரவில் கூலிவேலை முடித்து வருபவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் இடம். ஆசிரியரும் உபதேசியாரும் ஒரே ஆள். பள்ளிக்குக் கிடைத்த அரசு மானியமும் மிஷன் தந்த சிறு தொகையும் சேர்ந்து அவருடைய சம்பளம். பஞ்சமர் கல்விக்கென்று சென்னை அரசு 1893இல் தனி ஆணை பிறப்பித்த பிறகு இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு உதவி கூடியது. அசையாத சாமான் எதுவும் இல்லாத வெறுங்கூடமாகக் கோயிலைக் கட்டியதற்கு இந்தப் பல்வகைப் பயன்பாடே காரணம். வெஸ்லி வேண்டாம் என்ற சாய்மானப் பெஞ்சு இங்கே தேவையும் படவில்லை. எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற வழக்கமும் நம் ஊரில் ஏற்கெனவே இருந்ததுதான்.

ஓலைக் கொட்டகை மழைக்கு ஒழுகும், தீக்குச்சி பட்டால் எரியும். சபை கொஞ்சம் நிலைபெற்றதும் செங்கல் சுவர் வைத்தார்கள். அந்தச் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலால் சுரண்டினால் வெள்ளை நிறத்தில், மாவைப்போல உதிரும் சாந்து வரும். நன்றாக உற்றுப் பார்த்தால் முழுதும் வேகாத கிளிஞ்சல் துணுக்குகள் தென்படும். எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டு ஏரியிலும் வாரிய கிளிஞ்சல் அது. காளவாயில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணலோடு சேர்த்து, மாடு சுற்றும் கல்லுருளையின் கீழ் அரைத்து எடுப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்து நாள்கணக்கில் புளிக்கவிடுவதும் உண்டு. கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினால் பளிங்குபோல் மின்னும். வட சென்னைக்கு இந்தச் சுண்ணாம்பைக் கொண்டுவந்த வழிகளில் ஒன்று கால்வாய். எண்ணூர் வரைக்கும் 1806இல் வெட்டப்பட்ட அந்தக் கால்வாய்தான் பின்னால் நீட்டிக்கப்பட்டு, பஞ்ச நிவாரண வேலையாக நகரத்துக்குள்ளும் இணைக்கப்பட்டு, 1878 முதல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. சுண்ணாம்பும் விறகும் படகில் வந்தன. செங்கல்லைப் பொறுத்தவரை, சூளை என்று ஒரு பேட்டையே நகரத்துக்குள் இருக்கிறது.

கூரையும் ஒரு ஆவணம்தான். பனைமரத்தை அறுத்த கைமரங்கள், குறுக்கே ரீப்பர்கள், மேலே மங்களூர் ஓடு. இந்த ஓட்டுக்கும் மிஷன் வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையே இந்த வகை ஓட்டின் பிறப்பிடம். மதம் மாறியதால் பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை தரவேண்டும் என்பது அந்த மிஷன் தொழில் தொடங்கியதன் நோக்கங்களில் ஒன்று. ரயில் வசதி வந்தபின் அந்த ஓடு தென்னிந்தியா முழுவதும் பரவியது. பிறகு வேறு பல கம்பெனிகளும் செய்தன. ஓட்டைக் கழற்றித் திருப்பினால், அடிப்பக்கத்தில் ஆலையின் பெயரும் ஊரும் புடைத்த எழுத்தில் இருக்கும். சில ஓடுகளில் ஆண்டும் உண்டு. முகப்புக் கல்வெட்டு இல்லாத கோயிலுக்குக்கூட, கூரை எப்போது போடப்பட்டது என்பதை ஓரளவு கணிக்க அது உதவும். ஒரே கூரையில் இரண்டு மூன்று ஆலைகளின் ஓடுகள் கலந்திருந்தால், புயலுக்குப் பின் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். இடிக்கும்போது இந்த ஓடுகள் பழைய சாமான் கடைக்குப் போய்விடுகின்றன. எனக்கு ஆறாத வருத்தம் தருவது இதுதான்.

மணிக்கூண்டு கட்ட வசதியில்லாத இடங்களில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடித்துக் கூப்பிடுவது நம் பக்கத்துப் பள்ளிகளிலும் கோயில்களிலும் வழக்கம். ரயிலும் பட்டறையும் சூழ்ந்த வட சென்னையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கட்டியவர்கள் யார், காசு எங்கிருந்து வந்தது? மிஷன் ஒரு பங்கு கொடுத்தது. மற்றது உள்ளூர் உழைப்பு. மண் சுமந்தது, செங்கல் கடத்தியது, தண்ணீர் எடுத்து ஊற்றியது எல்லாம் சபையார். பெண்கள் தினமும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்டும் பிடியரிசிக் காணிக்கை எத்தனையோ சபைகளைத் தாங்கியிருக்கிறது. இங்கிலாந்துக் கிராமத்தின் வாரப் பென்னிக்கு ஈடாக இதைச் சொல்லலாம். பணக்காரரின் தயவில்லாமல் கட்டவேண்டும் என்ற விதி, பணக்காரர் எவரும் உள்ளே வராத சேரியில் இயல்பாகவே நிறைவேறியது.

முகப்புக் கல்லில் இவர்கள் பெயர் இருக்காது. மிஷனரியின் பெயர் இருக்கும். பிற்காலக் கற்களில் பேராயர், ஆயர், நன்கொடையாளர் பெயர்கள் இருக்கும். சாதாரண ஜனங்களின் பெயரைத் தேடினால் பதிவேட்டுக்குத்தான் போகவேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, வைத்த பெயர், தாய் தந்தை பெயர், குடியிருக்கும் ஊர், தந்தையின் தொழில், நடத்திவைத்தவரின் கையொப்பம் என்று கட்டங்கள் ஓடும். பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நிலமில்லாத ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களை வேறெந்த அரசுக் காகிதத்திலும் இவ்வளவு முழுமையாகப் பார்ப்பது அரிது. பட்டாவில் அவர்கள் இல்லை, வரிக் கணக்கிலும் இல்லை.

அந்தத் தொழில் கட்டத்தை மட்டும் வரிசையாகப் படித்தாலே வட சென்னையின் வரலாறு விரியும். கூலி, படியாள் என்று தொடங்கிய குடும்பங்கள் ஆலைகளை நோக்கி நகர்ந்தன. பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் பெரம்பூர்ப் பகுதியில் தோன்றின. ரயில்வே பட்டறைகளும், பின்னர் 1955இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் வந்தன. செங்கல்பட்டுக் கிராமத்திலிருந்து புளியந்தோப்புக்கும் வியாசர்பாடிக்கும் குடிவந்தவர்கள், கல்யாணத்துக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் ஊர்க் கோயிலுக்குத் திரும்பிப் போவார்கள். ஆலைச் சம்பளத்தில் ஒரு பங்கு ஊர்க் கோயிலின் ஓட்டுக்கும் தரைக்கும் போனது.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கர்களோடும், பிரஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் மரபினர் அடங்கிய தென்னிந்திய ஐக்கிய சபையோடும் வெஸ்லியன் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள். சிற்றூர்க் கோயிலின் பலகையில் சி.எஸ்.ஐ. என்ற எழுத்து ஏறியது. அப்படியானால் இன்றும் மெதடிஸ்ட் என்ற பெயரிலேயே சென்னையில் சில ஆலயங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை வேறொரு கிளை. 1870களில் வில்லியம் டெய்லர் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் பிரசங்கியார் வந்து தொடங்கிய பணியின் வழி வந்தவை. வேப்பேரி இம்மானுவேல் மெதடிஸ்ட் ஆலயம் அந்த மரபைச் சேர்ந்தது. அவர்கள் 1947 ஐக்கியத்தில் சேரவில்லை. 1981 முதல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்ற தன்னாட்சித் திருச்சபையாக இயங்குகிறார்கள். வரலாறு எழுதும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஆவணங்கள் இருக்கும் இடமும் வேறு வேறு என்பதால் குழப்பம் வீண் அலைச்சலில் முடியும்.

ஐக்கியத்துக்குப் பிறகு வழிபாட்டு முறை மாறியது. பல கோயில்களில் நடுவில் இருந்த பிரசங்க பீடம் ஓரத்துக்குப் போய், திருவிருந்து மேசை நடு இடத்தைப் பிடித்தது. ஆனால் புதிய திருச்சபைக்கு மெதடிஸ்டுகள் கொடுத்ததும் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் தென்னிந்தியத் திருச்சபையில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை, வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கியது. டிசம்பர் 31 இரவு காசிமேட்டிலிருந்து கொளத்தூர் வரை எந்தத் தேவாலயத்திலும் உட்கார இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம் கூடுகிறதே, அந்த விழிப்பு ஆராதனையைப் பரப்பியதிலும் மெதடிஸ்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1740களில் பிரிஸ்டலை ஒட்டிய கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர்களிடம் வெஸ்லி கண்ட வழக்கம் அது. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் வைத்துக்கொண்டார்கள், திரும்பி நடக்க வெளிச்சம் இருக்கும் என்று.

1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவர்களாக மாறிய தலித்துகளைப் பட்டியல் சாதி வரம்புக்கு வெளியே வைத்தது. அதன் விளைவு சபைப் பதிவேட்டிலும் தெரியும். கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ நேர்ந்த குடும்பங்களை இங்கே எல்லாருக்கும் தெரியும். பதிவேட்டில் பெயர் குறைந்ததால் சபை சுருங்கியது என்று முடிவுகட்டுவது அநியாயம்.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மணலி, மாதவரம், அம்பத்தூர், திருவொற்றியூர் எல்லாம் உள்ளே வந்தன. ஊர்க்கோடி என்றிருந்த இடம் பேருந்துச் சாலையின் ஓரமாகிவிட்டது. ஒதுக்கித் தள்ளிய நிலத்துக்கு இன்று சென்ட் கணக்கில் விலை சொல்கிறார்கள். சபையும் பெருகியிருக்கிறது. கூடத்துக்கு வெளியே பந்தல் போட்டு உட்காரும் நிலை. இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே பிரிந்து கிடந்த மெதடிஸ்ட் பிரிவுகள் 1932இல் ஒன்றானபோது ஒரே கிராமத்தில் இரண்டு மூன்று கோயில்கள் மிஞ்சின, ஆட்களும் குறைந்தார்கள், நூற்றுக்கணக்கில் மூடப்பட்டு வீடுகளாகவும் கிடங்குகளாகவும் மாறின. அங்கே ஆளில்லாமல் அழிந்தது, இங்கே ஆள் கூடியதால் அழிகிறது. இடம் போதவில்லை என்று சொல்லும் சபையாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் கேட்பது நியாயமான தேவை.

ஆனால் இடிப்பதற்குச் சொல்லப்படும் இன்னொரு காரணம், சுவர் இற்றுப்போய்விட்டது என்பது, பெரும்பாலும் நாமே வரவழைத்துக்கொண்டது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, இன்னும் உயரத்துக்கு ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது எல்லாரும் அறிந்தது. அந்த மண்ணின் உப்பு ஈரத்தோடு சுவருக்குள் போய்ப் படிகமாகிச் செங்கல்லையே பொடியாக்கும். பழைய தரையைப் பெயர்த்து வழுவழுப்பான டைல்ஸ் பதித்தால் தரை வழியே போகவேண்டிய ஈரமும் சுவருக்கே திரும்பும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டு, கோயில் வாசல் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயலிலும் வட சென்னையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பீரோவின் அடித்தட்டில் வைத்த பதிவேடுகளுக்கு அது போதும்.

சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சே மறுபடி பூசுவது, உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றுவது, சுவரைச் சுற்றி வடிகால் வெட்டுவது ஆகியவை புதுக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் சிறு செலவு. தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசின் நிதியுதவித் திட்டமும் இருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட ஒற்றைக் கூடம் யாருடைய பட்டியலிலும் தானாக ஏறிவிடாது, சபையார்தான் கேட்கவேண்டும். மனையில் இடம் இருந்தால் புதிய ஆலயத்தைப் பக்கத்தில் கட்டி, பழைய கூடத்தை ஞாயிறு பள்ளிக்கோ படிப்பகத்துக்கோ விட்டுவிடலாம். அது தொடங்கியதே பள்ளிக்கூடமாகத்தானே.

இடித்தே ஆகவேண்டும் என்று முடிவானால், அதற்கு முன்பு செய்யவேண்டிய வேலை இருக்கிறது. நீள அகலமும் சுவரின் பருமனும் அளந்து வரைபடம் போடுங்கள். நான்கு பக்கமும் உள்ளும் படம் எடுங்கள். முகப்புக் கல்லையும், ஆலைக்கு ஒன்றாக ஓடுகளையும் எடுத்து வையுங்கள். பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, ஒரு பிரதியைப் பேராயத்தில் கொடுங்கள். வில்லங்கச் சான்றும் கிரயப் பத்திரமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். மிராசு, தர்க்காஸ்து வழக்குகளின் அரசாணைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மிஷனரிகள் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் அங்குள்ள சோவாஸ் கல்லூரி நூலகத்தில் மெதடிஸ்ட் மிஷனரி சங்கத்தின் தொகுப்பாகப் பாதுகாக்கப்படுகின்றன. அந்தக் கடிதங்களில் ஊரின் பெயர் இருக்கும், உபதேசியாரின் பெயர் இருக்கக்கூடும், சுவர் எடுத்தவர்களின் பெயர் இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர்கள் சபையின் மூத்தவர்கள்தான். தாத்தா சுண்ணாம்பு அரைத்தார், பாட்டி தண்ணீர்க்குடம் சுமந்தார் என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு எழுதி, புதிய ஆலயத்தின் கல்வெட்டில் நன்கொடையாளர் பட்டியலுக்கு மேலே அதைச் செதுக்க வேண்டும்.